முதியோர் மொழியும் எழுதுவோர் அமானிதமும்

ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் பிளைத் 2023 ஜனவரியில் மறைந்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவர் நூறு வயதை நிறைவு செய்திருந்தார். புதினம், கட்டுரை, நாட்குறிப்பு எனப் பல துறைகளில் இறுதிவரை எழுதிவந்தவர் அவர். எனினும் 1969இல் வெளிவந்த ஒரே நூலின் ஆசிரியராகத்தான் இலக்கிய உலகம் அவரைப் பெரிதும் நினைவில் வைத்திருக்கிறது. 'ஏக்கன்ஃபீல்ட்: ஓர் ஆங்கிலக் கிராமத்தின் சித்திரம்' என்பது அந்நூலின் பெயர். இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில், ஏறத்தாழ 300 பேர் வாழ்ந்த ஒரு வேளாண் கிராமத்தின் மக்கள் தத்தம் வாழ்வைத் தாமே எடுத்துரைப்பதாக அது அமைந்துள்ளது. பேசுவோருள் இளைஞரும் உண்டு. ஆயினும் நூலுக்கு உயிர் கொடுப்பவர்கள் அதன் முதியவர்களே. குதிரை ஏரின் காலத்தில் பிறந்து, டிராக்டரின் காலத்தில் முதுமை எய்திய தலைமுறையினர் அவர்கள்.

அந்நூலை நாம் இங்கு மீண்டும் எடுத்துக்கொள்வதற்கு அதன் புகழ் காரணமன்று. படிப்பறிவு குறைந்த ஒரு முதியவரின் வாழ்வை, எழுதத் தெரிந்த இன்னொருவர் எழுத்தில் வடிக்கும்போது அச்சொல் யாருடையது? அதில் எவ்வளவு திருத்தலாம், எவ்வளவு மறைக்கலாம்? இக்கேள்விகள் நமக்குப் புதியனவல்ல. செவிவழிச் செய்தியைச் சேகரிப்பதையும் எடையிடுவதையும் ஒரு தனிக்கலையாகவே வளர்த்தெடுத்த அறிவு மரபுக்கு நாம் உரியவர்கள். ஹதீஸ் கலை அறிஞர்கள் மார்க்கச் சான்றுகளுக்கென வகுத்த அளவைகளை ஓர் ஆங்கிலக் கிராமத்துக் கதையின்மீது அப்படியே சுமத்துவது பொருந்தாது. ஆனால் அவர்கள் எழுப்பிய வினாக்கள் எந்த வாய்மொழிச் சான்றுக்கும் பொருந்துவன. அவற்றைத் துணைக்கொண்டு இந்நூலை அணுக முயல்கிறோம்.

நூலின் அமைப்பு

ஏக்கன்ஃபீல்ட் என்றொரு ஊர் நிலப்படத்தில் இல்லை. சார்ஸ்ஃபீல்ட் என்னும் கிராமத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒன்றாக்கி ஆசிரியர் சூட்டிய புனைபெயர் அது. பிளைத் அம்மண்ணுக்கு அந்நியர் அல்லர். சஃபோக்கிலேயே 1922இல் பிறந்தவர். தந்தைவழியில் தலைமுறை தலைமுறையாக உழவுத் தொழிலை அறிந்த குடும்பத்தின் மூத்த பிள்ளை. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். நூலகப் பணியிலிருந்து எழுத்துக்கு வந்தவர். 1960களின் பிற்பகுதியில் தம் அயலாரிடம் சென்று, அமர்ந்து, பேசச் செய்து, கேட்டதை எழுதினார்.

மக்கள்தொகை, தொழில் முதலிய விவரங்களோடு நூல் தொடங்குகிறது. அடுத்து, 'எஞ்சியிருப்போர்' என்ற தலைப்பின்கீழ் முதியவர்கள் பேசுகின்றனர். அவர்களைத் தொடர்ந்து கொல்லர், வண்டிச் சக்கரம் செய்பவர், கூரை வேய்பவர், தேவாலய மணியடிப்போர், ஆசிரியர், செவிலியர், தொழிற்சங்கத்தார், பன்றிப் பண்ணையாளர் எனப் பலரும் வருகின்றனர். இறுதிக் குரல் குழி தோண்டுபவருடையது. ஊரார் அனைவரையும் ஒருநாள் பெற்றுக்கொள்ளப்போகிறவரிடம் கடைசிச் சொல்லை விட்டுச்செல்கிறது நூல். ஒவ்வொருவருக்கும் ஆசிரியர் எழுதும் அறிமுகம் சில பத்திகளே. அதன்பின் அவர் ஒதுங்கிவிடுகிறார். கேட்ட கேள்விகள் அச்சில் இடம்பெறுவதில்லை. முதியவர் தானாகவே பேசிக்கொண்டிருப்பது போன்ற தோற்றம் பிறக்கிறது. நூலின் கவர்ச்சிக்கும் அதன்மீது எழுந்த ஐயங்களுக்கும் இதுவே காரணம்.

பசியும் போரும்

முதற்குரல் எழுபத்தொரு வயதான பண்ணைத் தொழிலாளி ஒருவருடையது. பத்துப் பேர் கொண்ட குடும்பம். தந்தையின் வாரக்கூலி 13 ஷில்லிங். வீட்டில் சொல்லத்தக்க தட்டுமுட்டுச் சாமான்கள் இல்லை. பள்ளிப் பருவம் முடியுமுன்னரே வயலுக்கு அனுப்பப்பட்ட பையன், 1914இல் பண்ணையை விட்டு இராணுவத்தில் சேர்கிறான். நாட்டுப்பற்று அவனை உந்தவில்லை. பண்ணையிலிருந்து தப்பும் வழியாகவே அவனும் அவன் தோழர்களும் அதைக் கண்டனர். பயிற்சி முகாமில் அவனது உடல் எடை கூடியது; உணவைவிட, வாழ்வில் முதன்முறையாகக் கடும் உழைப்பு இல்லாமற்போனதே அதற்குக் காரணம் என்று முதியவர் நினைவுகூர்கிறார். கொல்லப்படுவதற்காக ஆயத்தம் செய்யப்பட்ட இடத்தில்தான் அப்பையன் முதன்முதலாகக் கடும் உழைப்பிலிருந்து விடுபட்டான். இதைச் சொல்லும்போது அவர் குரலை உயர்த்துவதில்லை. வாசகருக்கு விளக்கம் தருவதுமில்லை. ஆங்கிலக் கிராமத்தின் பழைய எழிலைப் பற்றிய பாடநூல் வருணனைகள் அனைத்தையும் இந்த ஒரு தகவல் நிலைகுலையச் செய்கிறது.

அவன் அனுப்பப்பட்ட களம் கலிப்போலி. 1915இல் உஸ்மானிய அரசின் தலைநகரை நோக்கி வழி திறக்க முயன்ற நேசநாட்டுப் படைகள் இறங்கிய தீபகற்பம் அது. துருக்கியர் அப்போரைச் 'சனக்கலே' என்ற பெயரால் நினைவில் கொண்டுள்ளனர். கரையிறங்கியதும் ஒரு பெரிய கூடாரத்தைக் கண்ட கிராமத்துப் பையன்கள், கட்டை அவிழ்த்து உள்ளே பார்க்கிறார்கள். வரிசை வரிசையாகத் தம் நாட்டுப் பிணங்கள். பின்னர் அகழிகளில், அவசரமாகப் புதைக்கப்பட்டவர்களின் கைகள் மணலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவ்வழியே செல்லும்போது அவற்றுள் ஒரு கையைப் பற்றிக் குலுக்கி, மேட்டுக்குடியினரின் தொனியில் காலை வணக்கம் சொல்வது அவர்களது வழக்கமாயிற்று என்கிறார் அவர். இக்காட்சியை நூலின் உச்சமாகப் பலரும் சுட்டியுள்ளனர். இதில் நாம் கவனிக்கத்தக்கதாகக் கருதுவது அத்தொனியை. தம்மைப் பார்த்து ஒருபோதும் கை நீட்டாத பண்ணை உரிமையாளர்களின் பேச்சை, செத்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பையன்கள் நடித்துக்காட்டுகின்றனர். ஐம்பதாண்டுகள் கழித்தும் அம்முதியவருக்கு அது நினைவில் நிற்கிறதென்றால், அதில் அடங்கியிருப்பது போரின் கொடுமை மட்டுமன்று; கிராமத்தின் வர்க்க வேறுபாடும் அதில் அடங்கியுள்ளது.

போரிலிருந்து மீண்டவர் வேளாண் தொழிலாளர் சங்கத்தில் ஈடுபடுகிறார். போர்க்காலத்தில் விளைபொருள் விலைக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் அரசு அளித்திருந்த பாதுகாப்பு 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது, கூலி சரிந்தது. உலக வரலாற்றில் நாம் படிக்கும் பெரிய நிகழ்ச்சிகள் ஒரு குடிசையின் உணவுத்தட்டை எவ்வாறு வந்தடைகின்றன என்பதை இத்தகைய பக்கங்கள் காட்டுகின்றன. பிளைத்தின் சொந்தத் தந்தையும் கலிப்போலியில் போரிட்டுத் திரும்பியவரே. அயல்வீட்டு முதியவரிடம் அவர் காட்டிய பொறுமையான செவிசாய்ப்பில், ஒரு மகனின் தேடலும் கலந்திருக்கக்கூடும் என எண்ண இடமுண்டு.

எண்பத்தைந்து வயதான குதிரைச் சாரதி ஒருவரின் பேச்சும் குறிப்பிடத்தக்கது. இளமை முழுதும் நிலத்துக்கே போய்விட்டது, தமக்கு இன்பம் என்று ஒன்றும் இருந்ததில்லை என்று சொல்லிவருபவர், இடையில் தம்மைத் தாமே திருத்திக்கொள்கிறார். ஒன்றை மறந்துவிட்டேன், பாட்டு இருந்தது என்கிறார். வறுமையை எழுதுவோர் பெரும்பாலும் முதற்பாதியோடு நிறுத்திவிடுவர். பழமையைப் போற்றுவோர் இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வர். இரண்டும் ஒரே மூச்சில் ஒருவரிடமிருந்தே வந்ததைப் பிளைத் பிரிக்காமல் விட்டுவைத்தார். நூலின் நேர்மைக்கு நாம் காட்டக்கூடிய சிறந்த எடுத்துக்காட்டு இது.

செவிலியரின் சாட்சியம்

கடந்த காலத்தில் குடும்பங்கள் முதியோரைப் பேணின, இக்காலத்தில்தான் கைவிடுகின்றன. இக்கூற்றை உலகெங்கும் எல்லாச் சமூகத்தாரும் சொல்லக் கேட்கிறோம். நம் மேடைகளில் அது இன்னும் ஒரு படி மேலே சென்று, முதியோர் இல்லம் மேலை நாட்டாரின் நோய், நம்மிடம் அது இல்லை என்ற பெருமிதமாக ஒலிக்கிறது. ஏக்கன்ஃபீல்டில் பேசும் மாவட்டச் செவிலியர் இப்பேச்சுக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறார்.

1920களில் அவ்வட்டாரத்தில் பணியேற்று, சைக்கிளிலும் கால்நடையாகவும் வீடு வீடாகச் சென்றவர் அவர். முற்காலத்தில் குடும்பங்கள் முதியோரை நன்கு கவனித்துக்கொண்டன என்பது உண்மையன்று என்று வெளிப்படையாக மறுக்கிறார். முதியவர்கள் மூலைகளில் ஒதுக்கப்பட்டிருந்தனர். அலமாரி போன்ற அடைப்புகளுக்குள்கூட அவர்களைத் தாம் கண்டதுண்டு என்கிறார். இது ஒரு வீட்டின் கொடுமையைப் பற்றிய புகார் அன்று. தொழில்முறையில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்த ஒருவரின் சாட்சியம். ஊர் முதியவர்கள் தாமே இதைச் சொல்லியிருக்க முடியாது. தம் பெற்றோரைத் தாம் எவ்வாறு வைத்திருந்தோம் என்பதை எவரும் எளிதில் வாய்திறந்து சொல்வதில்லை.

அம்மக்கள் இயல்பிலேயே இரக்கமற்றவர்களா? நாம் அவ்வாறு கருதவில்லை. சிறிய குடிசையில் பல பிள்ளைகள். உழைக்க இயலாத உடலுக்கு அவ்வீட்டில் இடமும் இல்லை, உணவும் இல்லை. வேளாண் தொழிலாளர் பலர் பண்ணை உரிமையாளருக்குச் சொந்தமான வீட்டில் வாழ்ந்தனர். வேலை போனால் வீடும் போய்விடும். இந்நிலைக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு 1976இல்தான் வந்தது. 1909 தொடக்கத்தில் எழுபது வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் வழங்கப்படலாயிற்று. 1948இல் இலவச மருத்துவ சேவை வந்தது. முதியவரின் கையில் ஒரு சிறு தொகை சேர்ந்தபோது அவர் வீட்டுக்குச் சுமையாக இருந்த நிலை மாறத் தொடங்கிற்று. அன்பு எப்போதும் இருந்திருக்கலாம். அதைச் செயலில் காட்டுவதற்கு ஒரு குறைந்தபட்ச வாழ்வாதாரம் வேண்டியிருந்தது.

முதுமை எய்திய பெற்றோரிடம் சலிப்பின் சிறு சொல்லும் கூடாதென்று திருக்குர்ஆனின் பதினேழாம் அத்தியாயம் கட்டளையிடுவதை நாம் அறிவோம். கட்டளை ஒன்று அருளப்பட்டிருப்பது, அதற்கு மாறாக நடக்கும் இயல்பு மனிதரிடம் உண்டென்பதையும் உணர்த்துகிறது. ஆகவே அக்கட்டளையைக் கொண்டிருக்கும் காரணத்தாலேயே நம் வீடுகள் அனைத்தும் அதை நிறைவேற்றிவிட்டன என்று கொள்வது, வேதத்தைப் பெருமைக்குப் பயன்படுத்துவதாகும். நம் ஊர்களில் வீடு வீடாகச் சென்று முதியோருக்கு ஊசி போட்டும் புண் கழுவியும் வந்த செவிலியரை எவரேனும் அமரவைத்துக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்ற கேள்வியை இப்பக்கங்கள் நம்முன் வைக்கின்றன.

சொல்லா, பொருளா?

இனி நூலின்மீதான ஆட்சேபங்களுக்கு வருவோம். வாய்மொழி வரலாறு ஒரு கல்வித்துறையாக உருப்பெற்றுவந்த 1970களிலேயே அத்துறையினர் இந்நூலைக் கண்டித்தனர். இதில் வருவது அம்மக்களின் சொல்லா, ஆசிரியரின் சொல்லா என்பது அவர்களது வினா. பேசியவை சுருக்கப்பட்டுள்ளன, ஒழுங்கு மாற்றப்பட்டுள்ளன, பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. மூலப் பேச்சை ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. தாம் வாய்மொழி வரலாற்றாளர் அல்லர் என்பதே பிளைத்தின் நிலைப்பாடு. எழுத்தாளரின் செவியால் கேட்டார், எழுத்தாளராகவே எழுதினார்.

இவ்விவாதத்துக்கு நம் மரபில் துல்லியமான கலைச்சொற்கள் உள்ளன. கேட்ட சொல்லைச் சொல்லாகவே அறிவிப்பது 'ரிவாயா பில் லஃப்ழ்'. பொருளை மட்டும் காத்து வேறு சொல்லால் அறிவிப்பது 'ரிவாயா பில் மஃனா'. இரண்டாவது ஆகுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஹிஜ்ரி 463இல் மறைந்த அல்கதீப் அல்பக்தாதி தமது 'அல்கிஃபாயா' நூலில் இதை விரிவாக ஆராய்கிறார். பெரும்பாலோர் நிபந்தனையோடு அனுமதித்தனர். அறிவிப்பவர் மொழியின் நுட்பம் அறிந்தவராக இருக்கவேண்டும். எந்தச் சொல் மாறினால் பொருள் மாறும் என்று உணர்ந்தவராக இருக்கவேண்டும். இவ்வளவையால் நோக்கினால் பிளைத்தின் நூல் பொருள்வழி அறிவிப்பு. அதற்குரிய தகுதியும் அவருக்கு உண்டு; அம்மண்ணின் பேச்சை மழலைப் பருவத்திலிருந்தே கேட்டு வளர்ந்தவர் அவர். ஆகவே 'திருத்தினார், எனவே பொய்யுரைத்தார்' என்னும் கண்டனத்தை நாம் ஏற்கவில்லை.

ஆனால் நிபந்தனை முழுமையாக நிறைவேறியதாகவும் சொல்வதற்கில்லை. சிலரது பேச்சில் வட்டார வழக்கு தென்பட்டபோதிலும், நூலை ஒரே தடவையில் படித்து முடிப்போருக்குக் கொல்லரும் உழவரும் ஆசிரியரும் வெவ்வேறு கருத்துடையோராக இருந்துகொண்டே ஒத்த ஓசையில் பேசுவதாகத் தோன்றும். சிறிய வாக்கியங்கள், இறுதியில் நெஞ்சில் தைக்கும் ஒரு வரி, பின் மௌனம். மனிதர்கள் உண்மையில் இவ்வாறு முடிப்பதில்லை. சொன்னதையே சொல்வர், வழிதவறுவர், சலிப்பூட்டுவர். முதியவரின் பேச்சிலுள்ள அச்சலிப்பையும் சுற்றிவளைப்பையும் நீக்கியபோது, நினைவு எவ்வாறு வேலைசெய்கிறது என்பதற்கான தடயமும் நீங்கிவிட்டது. இதை நூலின் பெருங்குறையாக நாம் காண்கிறோம்.

பெயர் மறைப்பு வேறொரு சிக்கல். பெயர் குறிப்பிடப்படாத அறிவிப்பாளரை 'முப்ஹம்' என்பர். அவர் யார் என்று தெரியாதபோது அவரது நம்பகத்தன்மையை எடைபோட இயலாது; எனவே அவ்வறிவிப்பு பலவீனமடைகிறது. பிளைத் தந்த பெயர்களும் ஊரும் மறைப்புக்குரியவை. தொடர் அங்கேயே அறுந்துவிடுகிறது. ஆனால் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். 1960களில் முதலாளியின் வீட்டில் குடியிருந்த தொழிலாளி, தன் பெயரோடு முதலாளியைப் பற்றிப் பேசினால் அதன் விளைவு என்னவாகும்? செவிலியர் தாம் கண்ட வீடுகளைச் சுட்டினால் அக்குடும்பத்தார் ஊரில் எவ்வாறு தலைநிமிர்வர்? பேசியவரின் மானத்தைக் காப்பதும் அமானிதமே. சான்றின் வலிமைக்கும் சாட்சியின் பாதுகாப்புக்கும் இடையில் பிளைத் இரண்டாவதைத் தேர்ந்தார். அத்தேர்வு சரியானது, அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்மையானது.

மூன்றாவது ஒன்றுண்டு. முதுமையில் நினைவு தடுமாறிய அறிவிப்பாளரின் நிலையை 'இக்திலாத்' என்று ஹதீஸ் கலையினர் குறித்தனர். இங்கு அவர்களது நிதானம் வியப்புக்குரியது. அதா இப்னு ஸாயிப் இறுதிக் காலத்தில் தடுமாறினார் என்பதற்காக அவர் அறிவித்த அனைத்தையும் அவர்கள் தள்ளிவிடவில்லை. தடுமாற்றத்துக்கு முன்னர் அவரிடம் கேட்டவர் யார், பின்னர் கேட்டவர் யார் என்று பிரித்தறிந்து, ஷுஅபா போன்றோர் முன்னரே கேட்டவற்றை ஏற்றனர். முதியவர் சொல்வதெல்லாம் பொன்மொழி என்ற பக்தியும் இல்லை. முதியவர் சொல்வது உளறல் என்ற அலட்சியமும் இல்லை. ஏக்கன்ஃபீல்டையும் இவ்வாறே வாசிக்கலாம். கூலி எவ்வளவு, எந்த ஆண்டில் எந்தச் சட்டம் என்பவற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கவேண்டும். பசி எவ்வாறிருந்தது, முதலாளியின் நிழல் விழுந்தபோது வயலில் பேச்சு எவ்வாறு நின்றது என்பவற்றுக்கு அம்முதியவரைத் தவிர வேறு ஆவணம் இல்லை.

பெயரோடு பேசியவர்கள்

பிளைத்துக்கு முன்னரே அதே சஃபோக்கில் இன்னொருவர் இப்பணியில் இறங்கியிருந்தார். வேல்ஸ் நாட்டின் சுரங்கப் பகுதியில் 1909இல் பிறந்த ஜார்ஜ் எவர்ட் எவன்ஸ், மனைவிக்கு ஆசிரியப் பணி கிடைத்ததால் 1948இல் பிளாக்ஸ்ஹால் கிராமத்துக்குக் குடிவந்தார். செவிப்புலன் குறைந்துவந்த எழுத்தாளரான அவர், பக்கத்து வீட்டு முதியவர்களோடு பேசத் தொடங்கியதன் விளைவே 1956இல் வந்த 'வைக்கோல் அறுத்தவர்களைக் கேளுங்கள்' என்ற பொருளுடைய நூல். கேட்கும் திறன் குன்றிய ஒருவர் ஆங்கிலேய வாய்மொழி வரலாற்றின் முன்னோடியானது இறைவனின் ஏற்பாடுகளுள் ஒன்று.

எவன்ஸின் முறை வேறு. அரிவாளை எப்படித் தீட்டினார்கள், ஆட்டு ரோமத்தை எப்படிக் கத்தரித்தார்கள், அறுவடைக் கூலியை உழவர் குழுவின் தலைவன் முதலாளியோடு எப்படிப் பேசி முடித்தான் என்று தொழில்நுட்பத்தைக் கேட்கிறார். யார் சொன்னார், எந்த ஊரார் என்பதைக் குறிக்கிறார். அவரது முதியவர்கள் தம் தொழிலின் வல்லுநர்களாக மதிக்கப்படுகிறார்கள். பிளைத்தின் முதியவர்களோ தம் துயரத்தின் சாட்சிகள். எவன்ஸிடம் நெஞ்சை உலுக்கும் பக்கங்கள் குறைவு; ஆனால் ஒரு செய்தியைச் சரிபார்க்க விரும்புபவர் அவரிடம்தான் செல்லவேண்டும். வேலையைப் பற்றிக் கேட்டால் முதியவர் நிமிர்ந்து அமர்ந்து பேசுகிறார் என்பதை எவன்ஸின் பக்கங்கள் உணர்த்துகின்றன. இவ்விரு நூல்களையும் ஒருசேர வாசிப்பவருக்கே அக்கிராமம் முழுமையாகத் தெரியும்.

அகழியின் மறுபுறம்

கலிப்போலிப் பக்கங்களை வாசிக்கும் முஸ்லிம் வாசகருக்கு இன்னொரு வினா எழாமல் இராது. அச்சஃபோக் பையன் சுட்டது யாரை? அவர்களும் பெரும்பாலும் அனடோலியாவின் உழவர் மக்களே. அப்போரில் உஸ்மானியத் தரப்பில் மட்டும் இறந்தவர்கள் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களைத் துருக்கி தியாகிகளாகப் போற்றுகிறது. கவிஞர் மெஹ்மத் ஆகிஃப் அவர்களுக்காகப் பாடிய கவிதை புகழ்பெற்றது. ஆனால் தியாகி என்ற உயர்ந்த பெயருக்குள் ஒரு மனிதனின் வாரக்கூலியும் வீட்டுப் பசியும் மறைந்துபோகின்றன. ஏக்கன்ஃபீல்டின் முதியவரைப் போல, அகழியின் மறுபுறமிருந்து மீண்ட ஓர் அனடோலிய உழவர் தம் வாழ்வை முழுதாகச் சொல்ல, அது உலக வாசகரை அதே அளவில் வந்தடையவில்லை.

அனடோலியக் கிராமத்தை எழுத்துக்குக் கொண்டுவந்தவர் மஹ்முத் மகால். கிராமத்தில் பிறந்து, கிராம ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் பயின்று, இருபது வயதுக்குள் ஆசிரியரானவர். 1950இல் வெளிவந்த அவரது 'எங்கள் கிராமம்' துருக்கியை அதிரவைத்தது. அவர் சிறிது காலம் காவலில் வைக்கவும் பட்டார். பனிக்காலத்து வறுமை, நோய், குழந்தை மரணம், அறியாமை ஆகியவற்றை இளைஞரின் சினத்தோடு அவர் எழுதினார். அச்சினம் நியாயமானது. ஆயினும் அந்நூலில் நாம் கேட்பது கிராமத்தைப் பற்றிய ஆசிரியரின் குரல். சீர்திருத்தம் வேண்டும் இளைஞருக்கு முதியவர்கள் மாற்றப்படவேண்டிய நிலைமையின் ஒரு பகுதியாகவே தென்படுவர். பிளைத் நாற்பத்தாறு வயதில் தம் நூலை வெளியிட்டவர். கேட்பதற்குரிய வயது அவருக்கு வாய்த்திருந்தது. முஸ்லிம் நாடுகளின் கிராமங்களைப் பற்றிச் சீர்திருத்தக்காரரும் மானிடவியலாரும் நிறைய எழுதியுள்ளனர். கேட்டு எழுதியோர் அவ்வளவு இல்லை. இவ்வேறுபாட்டைச் சுட்டுவதற்காகவே இந்த ஒப்பீடு.

நூலுக்குப் பின்

1974இல் பீட்டர் ஹால் இந்நூலைத் தழுவித் திரைப்படம் எடுத்தார். தொழில்முறை நடிகரை விட்டு அவ்வூர் மக்களையே நடிக்கச் செய்தார்; பிளைத்தும் அதில் பாதிரியாராகத் தோன்றினார். தொலைக்காட்சியில் பல இலட்சம் பேர் அதைக் கண்டனர். அதன்பின் புனைபெயர் காப்பு தரவில்லை. வெளியூரார் அக்கிராமத்தைத் தேடி வந்தனர். பிளைத் 1979இல் முதுமையைப் பற்றியே தனி நூலொன்றை எழுதினார். கிரெய்க் டெய்லர் என்ற கனடா நாட்டவர் அவ்வட்டாரத்துக்குத் திரும்பிச் சென்று திரட்டிய புதிய குரல்கள் 2006இல் நூலாக வெளிவந்தன. பழத்தோட்டங்களில் இப்போது உழைப்போருள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் இருந்தனர். அன்று இளைஞராயிருந்தோர் முதியவராகித் தம் முறைக்குப் பேசினர். ஒரு சிறு கிராமம் இரு தலைமுறைகளாகத் தொடர்ந்து கேட்கப்பட்டிருப்பது அரிதான பேறு.

தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் கடலையும் வணிகத்தையும் புலவர்களையும் இறைநேசர்களையும் போதுமான அளவு எழுதியிருக்கிறார்கள். ஏர் பிடித்தோர் அவ்வெழுத்தில் அரிதாகவே காணப்படுகின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டமும் வயலும் செய்த ராவுத்தர்கள், சம்மாந்துறை அக்கரைப்பற்று வயல்வெளிகளில் நெல் விளைவித்த கிழக்கிலங்கை முஸ்லிம்கள் ஆகியோரின் முதிய தலைமுறை இன்னும் நம்மிடையே உள்ளது. மாட்டு ஏரை அறிந்த கடைசித் தலைமுறையும் அதுவே. அவர்களிடம் செல்வோர் தொழிலைப் பற்றிக் கேட்பதில் எவன்ஸையும், துயரத்தைக் குறுக்கிடாமல் கேட்பதில் பிளைத்தையும் பின்பற்றலாம். பேச்சை ஒலிவடிவில் பாதுகாத்து வைப்பது இன்று எளிது. எனவே பிளைத்துக்கு நேர்ந்த ஐயம் இனி எழுதுவோருக்கு நேரவேண்டியதில்லை. வெளியிடும் நூலில் பெயரை மறைக்க நேரிட்டாலும், சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்நாளில் என்ற குறிப்பைத் தனியே காத்துவைப்பது நம் மரபு கற்றுத்தந்த ஒழுக்கம்.

ஏக்கன்ஃபீல்டை ஒரு வரலாற்று ஆவணமாக முழுதும் நம்பி ஏற்க இயலாது என்பதும், வெறும் புனைவென்று தள்ள இயலாது என்பதும் நம் முடிபு. அதன் ஆசிரியர் சில இடங்களில் முதியவர்களின் பேச்சை அளவுக்கு மீறி அழகாக்கினார். ஆயினும் கிராமத்தைப் பற்றி வாசகர் கேட்க விரும்பியதற்கு மாறாக அம்முதியவர்கள் பேசியபோது, அதை அவர் நீக்கவில்லை. அலமாரிக்குள் கிடந்த முதியவர்களையும் இராணுவத்தில் உடல் தேறிய பையனையும் நாம் இன்று அறிவது அதனாலேயே. நம் முதியவர்களை எழுதத் தொடங்குவோர் இந்த ஒன்றையேனும் அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளவேண்டும்.